அடைத்து வைத்த ஆப்பிள் கூழ்

வேலை முடிந்து வந்த அண்ணன் அடுப்பிலிருந்த அண்டாவை எட்டிப் பார்த்தார். கொதிக்கிற தண்ணீருக்குள் பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில்கள், எல்லாம் வாய் இறுக்கி மூடியவை. அடுத்த கணம் ஒரு கையில் மதினியையும் மறு கையில் என்னையும் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார். "வீட்டுக்குள்ள வெடியா செய்யுறீக?" என்று அவர் போட்ட சத்தத்தில், வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். "ஆப்பிள் கூழுங்க" என்றார் மதினி, சிரிப்பை அடக்க முடியாமல்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருத்தங்கலில் பள்ளிக்கூட டீச்சர். அண்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மதினிக்குப் பிறந்த ஊர் கொடைக்கானல். அவருடைய அம்மா அங்கே ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்தவர். அவர்கள் நாடு திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பாட்டில்களும், ரப்பர் விளிம்பு வைத்த தகர மூடிகளும், மூடியை இறுக்கும் வளையங்களும் மதினியின் சீரோடு எங்கள் வீட்டுக்கு வந்தன. எங்கள் ஊரில் ஆப்பிள் என்றால் காய்ச்சல்காரர் தலைமாட்டில் இருக்கும் பழம். அதைக் கூழாக்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்றதை நானே முதலில் நம்பவில்லை.

மதினிக்கு அப்போது மூன்று மாதம். பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. அம்மா வீட்டு ஆப்பிள் கூழ் மட்டும் நாலு கரண்டி தங்கியது. அதற்காகத்தான் அவருடைய அப்பா ஒரு கூடைப் பழத்தைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். தோலைச் சீவி, வேகவைத்து, மசித்து, சீனி போட்டு, சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடி, மறுபடியும் வெந்நீரில் கொதிக்கவிட வேண்டும். ஏன், எதற்கு என்று நான் துளைத்தெடுத்தேன். ஆறும்போது மூடியின் நடு தானாக உள்ளே குழியும், குழிந்தால் கூழ் கெடாது என்றார் மதினி.

அண்ணனுக்குத் தெரிந்த சாஸ்திரம் வேறு. "வெடிமருந்தை எம்புட்டு இறுக்கி அடைக்கிறமோ அம்புட்டு சத்தம்" என்பார். அன்று ஒருவழியாகக் கொதித்து முடிந்த பாட்டில்களை மூலையில் வைத்துச் சாக்கைப் போர்த்திவிட்டு நாங்கள் தண்ணீர் எடுக்கப் போனோம். அன்றிரவே மதினி மயக்கத்தில் படுத்துவிட்டதால் நாலு நாள் யாரும் சாக்கை விலக்கவில்லை. ஐந்தாம் நாள் விலக்கினால் கூழ் பொங்கி, நுரைத்து, புளித்த வாடை.

"பாத்தீகளா! நல்லவேளை, அன்னைக்கே நான் மூடியெல்லாம் தூக்கிக் காத்துப் போக வழி விட்டேன். இல்லாட்டி வீடே போயிருக்கும்" என்றார் அண்ணன், பெருமையாக.

மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், காற்று புகுந்ததால்தான் கெட்டது என்று அண்ணனிடம் பாடமே நடத்திவிட்டேன். மறுநாள் அண்ணனைக் காணவில்லை. தீபாவளி சீசன், சாவுக்குக்கூட லீவு தரமாட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு மூட்டை ஆப்பிளோடு கொடைக்கானலிலிருந்து வந்து இறங்கினார்.

இப்போது தள்ளுவண்டியிலேயே ஆப்பிள் விற்கிறது. அண்ணனும் இல்லை, மதினியும் இல்லை. பாட்டிலைப் பார்த்து ஓடியவர் என்று அண்ணனை அவர் மகள் இன்றும் கேலி செய்வாள். மிச்சத்தை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் கொண்டுவந்த பழத்தில் மறுபடி கூழ் போட்ட அன்று, அண்டாவிலிருந்து எடுத்த முதல் பாட்டிலைத் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தார் மதினி. "உங்க கம்பெனியில அடைக்கிறது வெளிய தள்ளும். இது உள்ள இழுக்கும். பிடிச்சுப் பாருங்க." மருந்துக் கலவையைத் தொட்டுப் பழகிய அந்தக் கை பாட்டிலை உடம்பிலிருந்து எட்டத் தள்ளிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று மூடி குழிந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடினார், பாட்டிலை விடவில்லை. பிறகு அந்தக் குழியைக் குழந்தைபோலத் தடவித் தடவிப் பார்த்தார். மற்ற பாட்டில்களை நான் எடுத்து வரிசையாக அடுக்கினேன். அவர் எழுந்துபோய், பாட்டில்களுக்கும் மதினிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"அதான் நம்பிட்டீகள்ல, தள்ளுங்க" என்றார் மதினி.

"நம்பிட்டேன்" என்றார் அண்ணன். பன்னிரண்டு மூடியும் குழிகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.