நான்காவது கரண்டி ரசம்

இன்று கம்பெனிக்கு விடுமுறை. அளவில்லாச் சாப்பாடு போடும் புது ஓட்டலுக்கு மனைவியை முதன்முதலாக அழைத்துப் போனேன்.

நான் மோரோடு முடித்துவிட்டேன். அவளோ நான்காவது முறையாக ரசம் கேட்டாள். பரிமாறியவர் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தார்.

எனக்கு வியர்த்தது. "போதும், எந்திரி" என்றேன் மெதுவாக.

"அளவில்லைன்னுதானுங்க போர்டு வெச்சிருக்காங்க!" என்றாள் சத்தமாக.

முதலாளி கை கூப்பினார். "நல்லாச் சாப்புடுங்க அம்மிணி. சமையல்காரர் இன்னைக்குத்தானுங்க சேர்ந்தாரு. ரசத்தை உங்களைத் தவிர யாரும் ரெண்டாந்தரம் கேக்கலைன்னு கலங்கிப்போய் உக்காந்திருக்காரு."

"அவரை வரச்சொல்லுங்க" என்றாள். வந்தவரிடம், "மொளகு தூக்கலா, அருமையா இருக்குதுங்க" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே ஊற்றினார்.

குதிரை வண்டியில் வீடு வரும்வரை அவள் முகத்தில் சிரிப்பு. மறுசோறு கேட்க வெட்கப்பட்ட எனக்கோ அரை வயிறு. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?