ஒட்டாத காது

மதுரை விளாங்குடியில் உக்கிரபாண்டி வீடு எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. லேத்துக்காரர் வீடு என்றால் கை காட்டுவார்கள். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கிடந்த சந்துக்குத் தகரக் கூரை போட்டு, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு ஆர்கான் வெல்டிங் செட் இவற்றை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறார். பிறந்தது செக்கானூரணிக்குத் தெற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில். அண்ணன் தம்பிகள் வயலோடு நின்றுவிட, இவர் மட்டும் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து நூல் மில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். மில் மூடியபோது, பதினேழு வருஷம் தான் நின்ற அதே லேத்தை ஏலத்தில் எடுத்து வந்து சந்தில் நட்டார். அது வந்து இறங்கிய அன்று அவர் மனைவி சோலையம்மாள், "இனிமே துணி காயப்போட எடமில்ல" என்றதோடு சரி. 

கதிர் அறுக்கும் மிஷினின் தேய்ந்த ஷாஃப்ட், மோட்டாரின் புஷ், மாவு அரைக்கும் கிரைண்டரின் அச்சு என்று எதைக் கொண்டுவந்தாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு "வச்சிட்டுப் போங்க" என்பார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். முடியாது என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

பிருந்தாவிடமும் அப்படித்தான் சொன்னார்.

பிருந்தா நாலு தெரு தள்ளி இருப்பவள். சௌராஷ்டிரப் பெண். முப்பத்திநாலு வயது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. ஒத்தக்கடையில் வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் வேலை. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் மாட்டிய ஒரு பழைய ஸ்கூட்டரில் தினமும் ஊரைக் குறுக்கே வெட்டி அங்கே போய் வருவாள். வீட்டில் அம்மா வசுந்தரா மட்டும். ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறிப் போவது நடக்கிற காரியமில்லை என்பதால் அந்த வண்டிதான் அவளுக்கு எல்லாம்.

ஆவணி மாசம் ஒரு காலையில் வண்டியை மெக்கானிக் ஒருவர் தள்ளிக்கொண்டு வர, பின்னாலேயே ஆட்டோவில் பிருந்தா வந்து இறங்கினாள். இன்ஜினின் அலுமினிய உறையோடு சேர்த்து வார்த்த இரண்டு வளையங்கள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் போல்ட்டைச் செருகித்தான் இன்ஜினை வண்டிச் சட்டத்தோடு பிணைப்பார்கள். மெக்கானிக்குகள் அதைக் காது என்பார்கள். இடது காது வேரோடு உடைந்து மெக்கானிக்கின் கையில் இருந்தது.

"அண்ணே, புதுசு கிடைக்காதா?"

"வண்டியே வாரதில்லையேம்மா. காஸ்டிங் உறைக்கு எங்கிட்டுப் போறது? கம்பெனி மூடி எம்புட்டு வருசமாச்சு." உக்கிரபாண்டி உடைந்த துண்டை வாங்கி உறையோடு பொருத்திப் பார்த்தார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. "ஒட்டிரலாம். வச்சிட்டுப் போ."

இரண்டு நாளில் ஒட்டிக் கொடுத்தார். அரத்தால் ராவி, போல்ட் ஓட்டையைத் திரும்ப அளவுக்குக் குடைந்து, ஒட்டின தடமே தெரியாமல். பிருந்தா வண்டியைக் கிளப்பி, தெரு முனைவரை போய்த் திரும்பி வந்து கும்பிட்டாள். சோலையம்மாள் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள்.

பதினோராம் நாள் பாத்திமா காலேஜ் பக்கம் அது விட்டுப்போனது. இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து பின்சக்கரம் இழுக்க, வண்டி நடுரோட்டில் அரைவட்டம் அடித்து நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. இறங்கி நடக்க முடியாமல் அவள் அந்த வெயிலில் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அழகுமலை என்கிற லோடு ஆட்டோக்காரர்தான் வண்டியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

உக்கிரபாண்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலாம். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க என்ன, வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். பிறகு அம்மாவுக்கு போன் போட்டுத் தங்கள் பாஷையில் பேசினாள். அவருக்கு அதில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அம்மாவிடம் உண்மையைச் சொல்லாமல் எதையோ மழுப்புகிறாள் என்பது குரலில் தெரிந்தது.

உறையைக் கழற்றி வைஸின் தாடைக்குள் இறுக்கி, உடைந்த இடத்தைப் பார்த்தார். அவர் போட்ட ஒட்டு விடவில்லை. ஒட்டுக்குப் பக்கத்திலேயே, பழைய உலோகம் விட்டிருந்தது. இருபது வருஷமாக ஆயிலில் ஊறிய அலுமினியம். உள்ளுக்குள் கருப்புப் புள்ளிகளாய், ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாய் இருந்தது.

இந்தத் தடவை ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று இறங்கினார். உறையைச் சோடா மாவு கலந்த வெந்நீரில் கொதிக்கவைத்தார், பெட்ரோலில் கழுவினார், மறுபடி கொதிக்கவைத்தார். ஒட்டுவதற்கு முன் முழு உறையும் ஒரே சீராகச் சூடேற வேண்டும் என்று சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கேஸ் அடுப்பில் ஏற்றினார்.

"இட்லி அவிக்கிற அடுப்புலயா?" என்றாள் சோலையம்மாள்.

"ஒரு மணி நேரந்தான்."

"வீடெல்லாம் ஆயில் வாடை."

"சன்னலத் தொறந்து விடு புள்ள."

சூடு ஏற ஏற உலோகத்துக்குள்ளிருந்து ஆயில் வியர்வை மாதிரி கசிந்தது. துடைத்தார். மறுபடி கசிந்தது. வெல்டிங் நெருப்பை வைத்ததும் உருகிய அலுமினியம் பால் பொங்குகிற மாதிரி நுரைத்துக் கறுத்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டை மறந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காதைக் கட்டி எழுப்பி, சட்டென்று ஆறிவிடாமல் சாக்குகளைப் போட்டுப் போர்த்திவைத்தார். பிறகு பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

சாக்குக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

சுள்ளி ஒடிகிற அளவுக்குக்கூட இல்லை. ஆனாலும் அது உலோகம் விடுகிற சத்தம் என்று அவருக்குத் தெரியும். ஆறிய பிறகு மண்ணெண்ணெயைத் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். வெள்ளைத் தூளில் நனைந்த கோடு ஒன்று மெல்ல எழுந்து வந்தது. விரிசல் ஒட்டுக்கு அரை இஞ்சு தள்ளி, காதைச் சுற்றி முக்கால்வாசி தூரம் ஓடியிருந்தது.

மூன்று நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு மதுரையின் பழைய இரும்புக் கடைகள் முழுக்க அலைந்தார். மேலூர் ரோட்டில் ஒரு கடையில், அதே வண்டியின் இன்ஜின் உறை தகரக் குவியலுக்கு அடியில் கிடந்தது. மேலே கிடந்ததையெல்லாம் தானே இழுத்துப் போட்டு எடுத்தார். அதிலும் இடது காது இல்லை. அதே இடம். கடைக்காரர் இன்னொன்றையும் தேடி எடுத்துக் கொடுத்தார். அதிலும் இல்லை. "இந்த வண்டிக்கே அங்கதானண்ணே சீக்கு" என்றார் அவர். கூடுதல் சக்கரம் மாட்டிய வண்டியில் திரும்பும்போதெல்லாம் முறுக்கு முழுக்க அந்த இடத்தில்தான் விழும் என்பது உக்கிரபாண்டிக்கு அப்போது விளங்கியது. ஒட்டியே வைத்தாலும் அது நிற்கப்போவதில்லை.

மறுநாள் பிருந்தா வந்ததும் சொல்லிவிட்டார்.

"முடியாதும்மா."

அவள் சிரித்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள் போல. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னண்ணே, முடியாதுன்னா?"

"ஒட்டிக் குடுத்துருவேன். எத்தன நாளைக்குன்னு தெரியாது. ரோட்டுல வச்சு விட்டுச்சுன்னா? போன தடவ பஸ்ஸுக்காரர் பிரேக் போட்டாரு."

"ஒரு வாரமா லீவு. இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா வேற ஆள் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யிறது? நீங்களே சொல்லுங்க."

 அவர் கையிலிருந்த துணியால் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எடுத்துக் குடுங்க" என்றாள் பிருந்தா. "முடியும்னு சொல்றவங்ககிட்டப் போறேன்."

உறையைச் சாக்கில் சுற்றி, வண்டியோடு லோடு ஆட்டோவில் அவரே ஏற்றிவைத்தார். அவள் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

நாலாம் நாள் அந்த வண்டி தெருவில் போனது. வேறு ஏதோ பட்டறையில் தடிமனாக, பளபளவென்று ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். வெளிப்பார்வைக்கு அவர் ஒட்டினதைவிடக் கெட்டியாகத் தெரிந்தது. உள்ளே இருப்பது அதே உலோகம். அன்றிலிருந்து காலை எட்டரைக்கு வண்டிச் சத்தம் கேட்டால் அவருக்கு லேத்தில் கை ஓடாது. அவள் சாயங்காலம் திரும்பும்வரை, ரோட்டில் எங்காவது கிடப்பாளோ என்றே மனசு அடித்துக்கொள்ளும். "சொல்லியாச்சுல்ல, பெறகென்ன?" என்று சோலையம்மாள் கேட்டாள். சொல்லியாச்சு என்பதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு பிருந்தாவின் வீட்டுக்குப் போனார். வசுந்தரா நாற்காலி போட்டு காப்பி கொடுத்தாள். பிருந்தா கட்டிலில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஓட்டாதேன்னு சொல்ல வரலம்மா" என்றார் உக்கிரபாண்டி. "அதச் சொல்ல எனக்கு வாய் கெடையாது. அது உடையத்தான் போகுது. எப்பன்னு எனக்கும் தெரியாது, ஒட்டினவருக்கும் தெரியாது. உடையிறப்ப நீ விழக் கூடாது. அதுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு பண்றேன். ஒரு நாள் வண்டியக் குடு."

வசுந்தரா மகளிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள்.  பிருந்தா சாவியை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

அவர் செய்தது பெரிய வேலை இல்லை. இரும்புப் பட்டையை வளைத்து, இன்ஜினுக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒன்று செய்து, இரண்டு முனையையும் வண்டிச் சட்டத்தில் பிணைத்தார். காது விட்டால் இன்ஜின் சாயாமல் அதில் உட்காரும். அவ்வளவுதான். ரிப்பேர் என்று அதைச் சொல்ல முடியாது. முப்பது வருஷம் இரும்பையும் அலுமினியத்தையும் கடைந்தும், உடையப்போவதைத் தடுக்க வழி தெரியாமல், விழுகிற இடத்தில் பாய் விரித்து வைக்கிறோமே என்று போல்ட்டை முடுக்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில் போன் வந்தது. மாட்டுத்தாவணி தாண்டி ஒரு டீக்கடையிலிருந்து பிருந்தா பேசினாள்.

"அண்ணே, உடைஞ்சிருச்சு."

"நீ விழுந்தியா?"

"இல்ல. டமார்னு ஒரு சத்தம். அப்புறம் கடகடன்னு உரசிட்டு தானா நின்னுருச்சு. ஓரங்கட்டிட்டேன்."  

"அங்கயே உக்காந்துரு. வாரேன்."

அழகுமலையின் லோடு ஆட்டோவில் போனார். டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்த துப்பட்டாவோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். இந்தத் தடவை இரண்டு காதுமே போயிருந்தன. உறையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடி, ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கின பட்டையும் கொஞ்சம் வளைந்திருந்தது. நிமிர்ந்தவர் இனி இது ஆகாது என்று அவளிடம் சொல்ல வாய் எடுத்தார்.

"தெரியும்ணே" என்றாள் பிருந்தா. "நீங்க சொல்ல வேணாம்."

டைப்பிங் சென்டர் வேலையை அவள் விடவில்லை. அந்த வாரமே ஒத்தக்கடையில், கூட வேலை பார்க்கும் பெண்ணின் அறையில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். அம்மாவைப் பார்க்க மாசத்துக்கு ஒரு முறை ஆட்டோவில் வருகிறாள். வசுந்தரா இப்போது இங்கே தனியாக இருக்கிறாள். அரசாங்கம் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். வரும் என்கிறார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

பழைய வண்டி உக்கிரபாண்டியின் வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. எடைக்குப் போடலாம் என்று பிருந்தாவே சொல்லிவிட்டாள். அவருக்கு மனசு வரவில்லை. புது உறை வார்க்கலாமா என்று இரண்டு வார்ப்படக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒரே ஒரு உருப்படிக்காக அச்சு எடுக்க முடியாது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

போன மாசம் அவள் வந்தபோது, ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தாள்.

"ஏதும் வழி இருக்காண்ணே?"

"இல்லம்மா" என்றார் உக்கிரபாண்டி. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் தலையாட்டினாள். ஆட்டோ கிளம்பியது. அவர் உள்ளே போய் லேத்தில் யாருடையதோ ஒரு மோட்டார் ஷாஃப்டைப் பிடித்துவிட்டு, சுவிட்சைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.