மழை தெரியாத மான்கள்

அல் அய்னைத் தாண்டி ஓர் அரபியின் பண்ணையில் நிற்கிறோம். துபாயிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் வெயிலில் இறங்க மாட்டாளாம். கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி வேடிக்கை பார்க்கிறாள். கம்பிவேலிக்குள் பழுப்பு நிறத்தில் ஜாவா மான்கள். இந்தோனேசியத் தீவுக் காடுகளில் அருகிவரும் இனம் என்கிறது பலகை. அவற்றைப் பராமரிக்கும் முருகேசன் பரமக்குடிக்காரர். நாங்கள் தமிழ் பேசுவது கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்து, சடசடவென்று மழை. இந்த ஊரில் மழை! நானும் முருகேசனும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு பைத்தியக்காரர்கள் மாதிரி நிற்கிறோம். மான்களோ விழுந்தடித்துத் தகரக் கொட்டகைக்குள் ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்குகின்றன.

“காட்டு மானுக்கு மழைன்னா பயமா?”

“எல்லாம் இங்கயே பொறந்ததுங்க சார். தாய் மான் மட்டுந்தான் அங்கேருந்து வந்துச்சு. அந்தா, அதைப் பாருங்க.”

கிழட்டு மான் ஒன்று வெளியே தனியாக நனைந்துகொண்டிருக்கிறது. கொட்டகைக்குள் நிற்கும் தன் பிள்ளைகளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. ஒன்றும் வெளியே வரவில்லை.

நான் காரைப் பார்த்துக் கத்துகிறேன். “மழைடி! இறங்கி வா!”

மகள் அவசர அவசரமாகக் கண்ணாடியை ஏற்றுகிறாள்.