அக்காவும் ஒரு ழகரமும்

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார் — ‘கணிதம் படித்த நீங்கள் கூடவே மொழியியலை ஏன் எடுத்தீர்கள்? ஏதாவது பிரயோஜனம் உண்டா?’

நல்ல கேள்வி. சேரும்போது எனக்கே தெரியாது!

எழுபதுகளின் கடைசி. மெயின் பாடத்தோடு வேறு துறையில் ஒரு துணைப்பாடம் படிக்கலாம் என்றது பல்கலைக்கழகம். மொழியியலில் கூட்டம் குறைவு... பெயர் கொடுத்துவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் பூவத்தில் அப்பா கேட்டார்: “பேசுறதுக்குமாம்மா படிப்பு?”

அந்த வருஷம்தான் அக்காவுக்குத் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. சான்றிதழ் பார்த்த அதிகாரி நிறுத்திவிட்டார். அக்கா பெயர் தமிழரசி. பள்ளிச் சான்றிதழில் ‘ழ’வுக்கு ஆங்கில இசட்-ஹெச். பிறப்புச் சான்றிதழோ பிரெஞ்சு முறை — அதே ‘ழ’வுக்கு ஜே!

“தமிஜரசின்னு போட்டிருக்கே, அது யாரும்மா?” என்றாராம். பத்து நாள் கெடு. இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு.

“என் பேரே எனக்கு எதிரியாப் போச்சுடீ” என்று அக்கா அழுதாள்.

எனக்கு ஒலியியல் வகுப்பு ஞாபகம் வந்தது. பிரெஞ்சு ஜே-யின் ஓசையும், ஆங்கிலத்தில் இசட்-ஹெச் குறிக்கும் ஓசையும் ஏறக்குறைய ஒன்றுதானே? ‘ழ’ இல்லாத இரண்டு மொழிகளும் ஆளுக்கொரு எழுத்தைப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான்!

ஆனால் என் பேச்சை யார் நம்புவார்? பூவத்தில் வீடு வீடாகப் போனேன். ஏழுமலை, எழிலரசி, பூங்குழலி... ‘ழ’ உள்ள பதினொரு பேரின் இரண்டு சான்றிதழ்களுக்கும் நகல் வாங்கினேன். பதினொரு பேருக்கும் பிறப்புச் சான்றிதழில் ஜே, பள்ளிச் சான்றிதழில் இசட்-ஹெச். ஒரு பக்க விளக்கம் எழுதி, அக்காவோடு போய் அதிகாரி முன் வைத்தேன்.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிமிர்ந்தார்.

“என் பேரு பழனி. உங்க ஊர்ல பொறந்திருந்தா?”

“பஜனிங்க சார்.”

வாய்விட்டுச் சிரித்தார். கையெழுத்தும் போட்டார். அடுத்த வாரமே அக்கா வேலையில் சேர்ந்தாள். அவள் வெள்ளைச் சீருடையில் பஸ் ஏறியபோது எனக்கு வந்த பெருமிதம், நான் பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

அப்பா? டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார்: “எங்க சின்னவ ‘ழ’வுலயே டிகிரி படிக்கிறா, தெரியும்ல?”

நான் திருத்தவில்லை. அடுத்தவர் பேச்சைக் கவனிப்பதுதான் மொழியியல்காரியின் வேலை, திருத்துவது இல்லையே!