மைக் பழுதில்லை

போன மாதம் ஒரு மாணவனிடமிருந்து கமெண்ட் வந்தது. "மேம், பாடம் நல்லா புரியுது. நீங்க பேசுறதுதான் கேட்கல."

கேட்காத பாடம் எப்படியப்பா புரிந்தது என்று பதில் போடலாமா என யோசித்தேன். போடவில்லை. அவன் சொன்னது உண்மை.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வேதியியல் வீடியோ போடுவது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மதுரை விளாங்குடியில் என் வீட்டு முன்னறைதான் வகுப்பு. சுவரில் ஒரு வெள்ளை போர்டு, எதிரே கேமரா. கேமரா, புனேயில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. படம் கண்ணாடி மாதிரி விழும். சத்தம்? என்னைவிட ஃபேன்தான் தெளிவாகப் பேசும். நடுநடுவே திண்டுக்கல் ரோட்டு பஸ் ஹாரன் வேறு.

சரி, ஒரு மைக் வாங்கிவிடலாம் என்று டவுனுக்குப் போனேன்.

மைக் எடுப்பது பட்டுச்சேலை எடுப்பதைவிடக் கஷ்டம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கேமரா தலையிலேயே மாட்டுகிற நீள மைக். மேஜையில் நிற்கிற குண்டு மைக். சட்டையில் குத்திக்கொள்கிற காலர் மைக்... அதிலும் வயர் உள்ளது, வயர் இல்லாதது. எதை என்று எடுப்பது?

கடைக்காரர் பொறுமையான மனிதர்.

"கேமராவுக்கும் உங்களுக்கும் எம்புட்டு தூரம்க்கா இருக்கும்?"

"ஏழெட்டு அடி இருக்கும் தம்பி."

"ரூம்ல என்னென்ன சாமான் கிடக்கு? சோபா, கட்டில், பீரோ..."

"ஒண்ணும் இல்ல. ஒரு போர்டு, ஒரு சேர்."

"அப்ப கேமரா மேல மாட்டுறது சரிப்படாது. காலி ரூம்ல குரல் செவுத்துல முட்டி முட்டித் திரும்பும். கெணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கும். மைக் வாய்க்குப் பக்கத்துல இருக்கணும்க்கா. காலர் மைக்கே எடுத்துக்கங்க. எழுதிக்கிட்டே நடப்பீங்கல்ல, வயர் இல்லாததா எடுங்க."

எடுத்துக்கொண்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் 'காலி ரூம்' என்ற சொல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. அந்த அறையில் முன்பு சோபா இருந்தது. என் கணவர் சாயங்காலம் அதில் சாய்ந்துகொண்டுதான் பேப்பர் படிப்பார். அவர் போன பிறகு அதில் உட்கார ஆளில்லை. தூசி தட்டுவதற்காக மட்டும் ஒரு சோபா எதற்கு? கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மைக்கைச் சேலை மடிப்பில், தோளுக்குக் கீழே குத்திக்கொண்டு ஒரு பாடம் எடுத்தேன். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால் ஆச்சரியம். ஃபேன் இல்லை, பஸ் இல்லை. என் குரல் மட்டும் கணீரென்று.

ஆனால் கூடவே இன்னொரு சத்தம். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் 'ஹ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. வாக்கியம் நீளமாக இருந்தால் நடுவிலேயே ஒருமுறை வரும்.

மைக்கை இடம் மாற்றிக் குத்தினேன். கூட வந்த பஞ்சுத் தொப்பியை மாட்டினேன். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வை வழிய வழிய நடத்தினேன். ம்ஹூம்... இரைச்சல் போகவில்லை. புத்தம் புது மைக், அதற்குள் பழுதா? எனக்குக் கோபம் வந்தது. டப்பாவோடு ஆட்டோ பிடித்து மறுபடி கடைக்குப் போனேன்.

"தம்பி, இது பழுது. மாத்திக் கொடுங்க. இரையுது."

அவர் மறுப்புச் சொல்லவில்லை. மைக்கைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு ஏதோ கொஞ்சம் பேசிப் பதிவு செய்தார். எனக்குப் போட்டுக் காட்டினார். சுத்தமாக இருந்தது. பிறகு என்னிடம் கொடுத்து, "இப்ப நீங்க பேசுங்கக்கா" என்றார். நான் தனிம அட்டவணையின் முதல் தொகுதியை ஒப்பித்தேன். அவர் ஹெட்ஃபோனைக் காதில் அழுத்தியபடி தலை குனிந்து கேட்டார். நான் முடித்த பிறகும் நிமிரவில்லை.

"அக்கா, நடந்தா வந்தீங்க?"

"இல்லையே. ஆட்டோவுல."

"வந்ததுல இருந்து உக்காந்துதானே இருக்கீங்க?"

"ஆமா. ஏன்?"

பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "மைக்குல ஒண்ணும் இல்லக்கா. இது உங்க மூச்சு."

ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினேன். அழகர்மலை ஏறிக்கொண்டே ஒரு பெண் லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று சொல்வது போலிருந்தது. நானோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டர்ட்ட காட்டுங்கக்கா. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

என் மூச்சு எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? வீட்டுக்கு வந்து அதையேதான் யோசித்தேன். கொஞ்சம் அசதி, வயசாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். மூச்சு வாங்குவதை நாமாகக் கவனிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் "என்ன, இப்படி இரைக்குது?" என்று கேட்க வேண்டும். என் கணவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். அந்த மைக் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அத்தனை பக்கத்தில் வேறு யாரும் வந்து ரொம்ப காலமாகிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி. பெயர் எழுதுகிற பெண் கேட்டாள். "கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் வரல."

அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வண்டியை நிறுத்திவிட்டு யாராவது வந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பாள்.

எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. வயிற்றுக்குள் எங்கும் ரத்தக் கசிவும் இல்லை. ரத்தம்தான் இல்லை. "இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லம்மா. இதோட எப்படி நின்னு பாடம் நடத்துனீங்க?" என்றார் டாக்டர். மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"காலையில டீ, ரெண்டு ரஸ்க். மத்தியானம் தயிர் சாதம், ஊறுகாய்."

"ராத்திரி?"

"மிச்ச சாதம்."

"முந்தாநாள்?"

"அதேதான்."

"எவ்வளவு நாளா இப்படி?"

மாதங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். அதற்குள் அவர் சீட்டில் எழுதத் தொடங்கிவிட்டார்.

தனிமை என்பது மனசுக்குள் இருக்கிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். விரலில் குத்தி, அளந்து, பேப்பரில் போட்டுக் கொடுப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

ரத்தம் ஏற்ற வேண்டும், படுக்க வேண்டும், கூட ஆள் வேண்டும் என்றார்கள். மகனிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவான். ஆனால் இன்றைக்கு? போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பால்காரர், கேஸ், பிளம்பர், ஆட்டோ... செல்வராணி.

செல்வராணி எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். டிபன் பாக்ஸில் பாதி எனக்குத்தான் என்று கொண்டுவந்தவள். ஓய்வுக்குப் பிறகு திருமங்கலம் போய்விட்டாள். முதலில் தினமும் பேசினோம். பிறகு எப்போதாவது. பிறகு... சண்டை ஒன்றும் இல்லை. நின்றுபோயிற்று, அவ்வளவுதான். இத்தனை நாள் கழித்து, ஆள் தேவைப்படும்போது மட்டும் எப்படிக் கூப்பிடுவது? விரல் தயங்கியது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"செல்வராணி, நான்தான்..."

"தெரியுது. எங்க இருக்க? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

எங்கே என்று சொன்னேன். "வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

ஒரு ஃபிளாஸ்க்கும் போர்வையுமாக வந்து சேர்ந்தாள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். மைதானத்தையே விசிலில் நிறுத்தியவள். என் கையில் ஏறுகிற ரத்தத்தைப் பார்த்தபடி போர்வையை விரித்து என் மேல் போர்த்தினாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

"ஒரு போன் போட்டா கொறஞ்சா போயிருவ?"

"நீயும் போடலையே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன் வீடியோ வந்ததும் பார்த்துருவேன். ஒண்ணு விடாம லைக் போடுவேன். பளிச்சுன்னு சேலை கட்டி நிக்கிறியா... நல்லா இருக்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நானும்தான். நீ கோயில் கோயிலா ஸ்டேட்டஸ் வைக்கிற. நல்லா ஊர் சுத்துறன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் பழைய போட்டோடி. முட்டி வலி. வீட்டு வாசலைத் தாண்டியே ரொம்ப நாளாச்சு."

இரண்டு பேருக்கும் கேமரா உண்டு, நெட் உண்டு, தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறோம். பார்த்ததையே விசாரித்ததாக எடுத்துக்கொண்டுவிட்டோம். உங்கள் போனிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள்தானே?

மகன் வந்தான், அழுதான், லீவு முடிந்து போனான். செல்வராணி மட்டும் கூடுதலாகச் சில நாள் என் வீட்டில் இருந்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ரத்தம் ஊறும் என்று மதுரையில் எல்லாரும் சொல்கிற ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். தட்டைக் காலி செய்யும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை, "வீட்டுக்காரர் தனியா இருக்காருடி, போறேன்" என்று பஸ் ஏறினாள். இப்போது தினமும் பேசுகிறோம். ஆனாலும் போன் பேச்சு முடிந்ததும் வருகிற அமைதி, முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது.

அவளை ஏற்றிவிட்டு வந்த அன்று மத்தியானம், கை தானாகத் தயிர்க் கிண்ணத்துக்குப் போயிற்று. எடுத்தேன். திரும்ப வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு நடந்தேன்.

"சுவரொட்டி எம்புட்டு வேணும் டீச்சர்? வீட்ல எத்தனை பேரு?" என்றார் கடைக்காரர்.

"ஒரு ஆளுக்குத்தான்" என்றேன்.

வந்து சின்ன வெங்காயம் உரித்தேன். மிளகு தட்டினேன். சுடுசாதம் வடித்தேன். போர்டு முன்னால் கிடந்த அந்த ஒற்றைச் சேரில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டேன்.

'ஒரு ஆளுக்காகவா அடுப்பைப் பற்ற வைப்பது?' என்று இத்தனை நாளாக அலுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ஆள் யாரென்று மட்டும் யோசிக்கவே இல்லை.