உருகி உறைந்த மணிகள்

கண்ணாடிபோல மெலிதாகத் தேய்த்த விண்கல் துண்டு அது. நுண்ணோக்கியில் வைத்தால் கறுத்த பரப்பெங்கும் சின்னச் சின்ன மணிகள். சிலவற்றுக்குள் ஓரத்துப் புள்ளி ஒன்றிலிருந்து விசிறி விரித்தாற்போல் படிகங்கள். சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியுமே சுழன்றுகொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒரு வெப்பம் அந்தத் தூசியைத் துளிகளாக உருக்கியிருக்கிறது. பூமி பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில், நிலவியல் துறையின் ஒரே பெண் விரிவுரையாளர் நான். "கல்யாணமாகிப் போற பொண்ணுக்கு ரிசர்ச் எதுக்கு?" என்று துறைத்தலைவர் கேட்டபோது எனக்காகச் சண்டை போட்டவர் மூத்த விரிவுரையாளர் ஒருவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வெப்பம் நெடுங்காலம் நீடித்ததா, சட்டென்று வந்து தணிந்ததா? பல்லாவரத்துக் குன்றின் கல்லில் விண்கல்லில் உள்ள கனிமம் ஒன்று உண்டு. அதைப் பொடித்து உருக்கிப் பார்க்க எனக்குத் தோன்றியது. கல்லூரி உலையில் அவ்வளவு சூடு ஏறாது. ரயிலடி வெல்டிங் பட்டறைக்குப் போனேன். "இன்னாம்மா, கல்லப் போயி காய்ச்சிகினு கீறே!" என்று சிரித்தாலும் பட்டறைக்காரர் இடம் கொடுத்தார். தீயை உடனே விலக்கினால் துளி வெறும் கண்ணாடியானது; மிக மெதுவாக விலக்கினால் விசிறியில்லாமல் படிகங்கள் தடித்துப்போயின. விலக்கும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, மாதக்கணக்கில் தோற்று, கடைசியில் சில நிமிடங்களில் ஆறிய ஒரு துளிக்குள் அதே விசிறி விரிந்தது. அப்படியானால் விண்கல் மணிகளை உருக்கிய வெப்பமும் நெடுங்காலம் நீடிக்கவில்லை, விரைவில் தணிந்திருக்கிறது.

"பிரமாதம்மா! நம்ம ரெண்டு பேர் பேர்லயும் வரணும்" என்றார் அண்ணா.

கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. துளி கண்ணாடியாகாமல் எப்படித் தடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் அண்ணாவிடம் சொல்லியிருந்த வார்த்தைகளிலேயே அவர் பதில் வந்தது. முடிவில், "ஸ்லைடு தேய்ச்சுக் கொடுத்த எங்க மிஸ்ஸுக்கும் நன்றி." எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகளும் தட்டின.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்து, "அடுத்த கல்லை எப்ப அறுக்கலாம்மா?" என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வெல்டிங் ஷாப்ல ஒரு பொண்ணு நின்னு பண்ணினதுன்னா எவன் நம்புவான்? உன் நல்லதுக்குத்தான்."

துறைத்தலைவரிடம் எனக்காக வாதாடிய அதே கனிவான குரல்.

"நீங்களே அறுத்துக்குங்க, சார்" என்றேன். 'சார்' என்றதும் அவர் முகம் வெளிறியது.

அந்த வருடமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டேன். மணிகளை மட்டும் விடவில்லை. மின்னலா, அதிர்வலையா, அந்த வெப்பம் எதிலிருந்து வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. புதிதாக ஒரு கட்டுரை படித்தால் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.