இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

எங்கள் சபைச் செயலாளர் புது மொழிபெயர்ப்பு வேதாகமத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. மத்தேயு பதினேழாம் அதிகாரம். இருபதாம் வசனம் இருந்தது, அதை அடுத்து இருபத்திரண்டு. "இருபத்தொண்ணு எங்க? முழுங்கிட்டானுவ. இது பிசாசுக்க வேலையாக்கும்" என்றார். பாறசாலைக்குப் பக்கத்தில் மிஷன் காலத்துச் சபை எங்களுடையது. ஆராதனையில் வாசிக்கவென்று அந்தப் புத்தகத்தை அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டிருந்தார்கள்.

காணாமல் போன வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். வலிப்பு கண்ட பிள்ளையைச் சீடர்களால் குணமாக்க முடியாமல் போன கதையில் வருவது. இந்த வகைப் பிசாசு ஜெபமும் உபவாசமும் இல்லாமல் வெளியேறாது என்பது அதன் சாரம். எங்கள் குடும்பத்தில் மட்டும் யாரும் அதை வாயில் எடுப்பதில்லை. காரணம், மாமி.

மாமி அப்பாவின் அக்காள். கணவரை இழந்தவர், ஒரே மகன். அந்த அத்தானுக்குச் சின்ன வயதிலேயே சுழலி, அதாவது வலிப்பு. மெடிக்கல் காலேஜில் கொடுத்த மாத்திரையில் ஒருவாறு அடங்கியிருந்தது. அப்போதுதான் ஜெபக்குழுத் தலைவர் ஒருவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மாத்திரையை நிறுத்து என்று அவர் சொன்னதில்லை. அவ்வளவு துணிச்சல் அவருக்கு ஏது? மாத்திரையை நம்புகிறவர்கள் எதற்காக ஜெபம் கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருக்கச் சொன்னார். மாமி இருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள், பிடியரிசி என்போம். உபவாச நாளில் மாமி தன் பங்குச் சோற்றுக்கான அரிசி முழுவதையும் அந்தக் கலயத்தில் போட்டுச் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாத்திரை மெல்ல மெல்ல நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை குளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது அத்தானுக்கு வலிப்பு வந்தது. உயிரோடு எடுக்க முடியவில்லை.

அடக்க வீட்டில், சபையார் அத்தனை பேரும் கேட்க, ஜெபக்குழுத் தலைவர் சொன்னார்: "உபவாசத்துல குறை வந்து போச்சு. அம்மை அண்ணைக்குக் கஞ்சித்தண்ணி குடிச்சிருக்கா." குடித்தது உண்மை. தலைசுற்றி விழப்போனவருக்கு அடுத்த வீட்டுக்காரி அரை டம்ளர் கொடுத்திருந்தாள். பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயர் அன்றோடு மாமிக்கு விழுந்தது. அப்போது எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த இளம் போதகர் சவப்பெட்டியின் தலைமாட்டில்தான் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதே போதகர்தான் தலை நரைத்து, மாற்றலில் இரண்டாம் முறையாக எங்களிடம் வந்து, இந்தக் கூட்டத்தில் எழுந்து விளக்கம் சொன்னார். அழகாகத்தான் சொன்னார். பழைய மொழிபெயர்ப்புக்கு ஆதாரமாக இருந்தவை பெரும்பாலும் பிற்காலத்துக் கிரேக்கப் பிரதிகள். அவற்றைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய பிரதிகள் பிறகு ஆராய்ச்சிக்குக் கிடைத்தன. அவற்றில் முக்கியமானவற்றில் இந்த வசனம் இல்லை. மாற்கு சுவிசேஷத்தில் இதே கதை உண்டு. அங்கிருந்து யாரோ படியெடுத்தவர் இங்கே சேர்த்திருக்கலாம். அந்த மாற்கிலும் பழம்பிரதிகள் சிலவற்றில் ஜெபம் மட்டுமே இருக்கிறது, உபவாசம் இல்லை. "யாரும் எதையும் வெட்டலை. கீழ அடிக்குறிப்பு போட்டிருக்கு, பாருங்க" என்று முடித்தார்.

பின்வரிசையில் மாமி எழுந்து நின்றார். "ஐயா, இந்தக் காரியம் ஐயாவுக்கு எப்பம் தெரியும்?"

"செமினாரியில படிச்சதுதான் அம்மா. போதகமார் எல்லாருக்கும் தெரியும். சபையாரோட விசுவாசம் குலைஞ்சிடக் கூடாதேன்னு வெளிய சொல்றதில்லை."

"அப்பம் எனக்க மொவன அடக்கம் பண்ணும்பளும் தெரியும்" என்றார் மாமி.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர் அவசரமாகக் குறுக்கே புகுந்து, பழைய புத்தகத்தையே வாசிக்கலாம் என்று கூட்டத்தை முடித்துவைத்தார். ஒரு வசனம் போய்விட்டதே என்று குதித்தவர்களில் ஒருவருக்குக்கூட, அந்த வசனத்தை வைத்து ஒரு தாயின் தலையில் ஏற்றிய பழி நினைவுக்கு வரவில்லை. போகட்டும், அவர்கள் அறியாதவர்கள். அறிந்தவர் வாயில் அன்று என்ன கொழுக்கட்டையா இருந்தது? அடிக்குறிப்பு படித்தவர்களுக்கு, பட்டினி மாமிக்கு என்று யார் பங்கு வைத்தது? உபவாசத்தை நான் பழிக்கவில்லை; மாமி இன்றும் அதை விடவில்லை, அது அவர் விருப்பம். தெரிந்ததை மறைத்துவிட்டு அதற்கு மேய்ப்பனின் கரிசனை என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் போதகர் மாமி வீட்டுக்கு வந்தார். மாமி நாற்காலி போட்டார், சாயா கொடுத்தார். ஜெபிக்கலாமா அம்மா என்று அவர் கண்ணை மூடப்போனபோது மாமி தடுத்தார்.

"ஜெபம் இருக்கட்டு ஐயா. பழிய எல்லாரும் கேக்கத்தானே சொன்னாவ. கஞ்சித்தண்ணியால பிள்ள சாவல்லண்ணு வாற ஞாயிறு எல்லாரும் கேக்கச் சொல்லணும். எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

போதகர் சரியென்று தலையசைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறன்று மாமி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். மகன் போன பிறகு அவர் அங்கே உட்கார்ந்தது அன்றுதான். போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி, யோபுவின் பொறுமையைப் பற்றிப் பேசினார்.

அடுத்த ஞாயிறும் மாமி முன்வரிசையில்தான். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்து காத்திருக்கிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. போதகர் சொல்லாததை நான் சொல்கிறேன், எல்லாரும் கேளுங்கள்: அத்தான் வலிப்பினால் இறந்தார். மாமி அவரைக் கொல்லவில்லை.